ஈறு வலிக்கும்போதும் ரத்தம் கசியும்போதும் வீட்டிலேயே செய்யக்கூடியவை

பல் துலக்கித் துப்பும்போது ரத்தம் தெரிந்தால், அடுத்த நாளிலிருந்து அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்கித் துலக்குவதுதான் பெரும்பாலோர் செய்வது. ரத்தம் வருகிற இடத்தை மேலும் தேய்த்தால் புண்ணாகிவிடும் என்ற பயம் இயல்பானது. ஆனால் ஈறு விஷயத்தில் அந்த ஒதுக்கலே நோயை வளர்க்கிறது. ரத்தம் கசியும் இடம்தான் பெரும்பாலும் அழுக்கு அதிகமாகத் தங்கியிருக்கும் இடம்; மென்மையான பிரஷ் தவறாமல் போக வேண்டியதும் அங்கேதான். உப்புத் தண்ணீர், மஞ்சள், நல்லெண்ணெய், கொய்யா இலை என்று நம் அடுப்படியிலும் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும் பொருள்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பயன் உண்டு. அவை அந்தத் துலக்கலுக்குத் துணையாக இருக்கும்போதுதான் அந்தப் பயன் நிலைக்கும்.

காரணம் எளிது. பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில் பாக்டீரியாக்கள் ஒட்டும் தன்மையுள்ள ஒரு மெல்லிய படலமாகப் படிகின்றன. வாய் கொப்பளித்தால் அது போகாது, தேய்த்தால்தான் போகும். அங்கேயே விட்டுவிட்டால் ஈறு சிவந்து, வீங்கி, லேசாகத் தொட்டாலும் ரத்தம் கசிகிறது. எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்து அந்தப் படலத்தில் சேர்ந்து சில நாட்களிலேயே இறுகத் தொடங்குகிறது. நம் வடசென்னையில் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்து வீடுகளில் உப்புக் கலந்த போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்து கெட்டியாகும் காரையைப் போலத்தான் பல்லிலும் காரை பிடிக்கிறது. அந்த நிலைக்கு வந்தபின் எந்தக் கஷாயமும் அதைக் கரைக்காது. 1965-இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஈறு ஆரோக்கியமாக இருந்த 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொல்லிக் கவனித்தார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆரம்ப நிலை ஈறு நோய் முழுமையாகத் திரும்பக்கூடியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்த பிறகு வரும் நோய் அப்படித் திரும்பாது. அதனால்தான் முதல் ரத்தத்தைப் பார்த்தவுடனே கவனிக்கச் சொல்கிறோம்.

முதலில் கண்ணாடி முன் நின்று பாருங்கள்

வைத்தியம் தொடங்குவதற்கு முன் கண்ணாடி முன் நின்று, செல்போன் டார்ச்சை அடித்து, உதட்டை விரலால் விலக்கி ஈற்றைப் பார்க்க வேண்டும். நல்ல ஈறு இறுக்கமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்கும். நம்மில் பலருக்கு இயல்பாகவே கருமை கலந்திருக்கும், அது நோயல்ல. பல்லை ஒட்டிய ஓரம் மட்டும் தடித்துப் பளபளவென்று சிவந்திருந்தால் அது அழற்சி. வாய் முழுக்க அப்படி இருக்கிறதா, ஓரிடத்தில் மட்டும் இருக்கிறதா என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு.

ஓரிடத்தில் மட்டும் நேற்றோ முன்தினமோ திடீரென்று வலி தொடங்கியிருந்தால், கடைசியாக என்ன மீன் சாப்பிட்டீர்கள் என்று யோசியுங்கள். காசிமேட்டு மீன் நம் சாப்பாட்டில் வாரத்தில் பல நாள் இருப்பதால், நெத்திலி, சங்கரா, வாளை போன்றவற்றின் மெல்லிய முள் இரண்டு பல்லுக்கு நடுவில் ஈற்றுக்குள் இறங்கி நிற்பது இந்தப் பகுதியில் அரிதான செய்தியல்ல. முள் இருக்கும்வரை எந்த மருந்தைத் தடவினாலும் வீக்கம் வற்றாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொப்பளித்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் பல் இடுக்கு நூலை அந்த இடுக்கில் மெதுவாக இறக்கி, ஒரு பக்கத்துப் பல்லை ஒட்டி வளைத்து, ஈற்றின் அடியிலிருந்து மேல் நோக்கி இழுக்க வேண்டும். பிறகு மற்ற பக்கத்துப் பல்லை ஒட்டியும் அதே மாதிரி செய்ய வேண்டும். பெரும்பாலும் முள் நூலோடு வந்துவிடும். ஊக்கு, துடைப்பக் குச்சி, கொண்டை ஊசி எதையும் உள்ளே விடக்கூடாது. அவை முள்ளை இன்னும் ஆழத்துக்குத் தள்ளுவதோடு, ஈற்றைக் கிழித்துப் புதிய சீழுக்கும் வழி செய்துவிடும். இரண்டு நாளில் முள் வரவில்லையென்றால் பல் மருத்துவர் அதை நிமிடத்தில் எடுத்துவிடுவார்.

பதினேழு வயதிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கடைசிக் கடைவாயில் மட்டும் ஈறு வீங்கி வலித்தால், அது பெரும்பாலும் ஞானப்பல் முளைக்கும் இடத்தில் ஈற்று மடிப்புக்குள் உணவு சிக்குவதால் வருவது. உப்புத் தண்ணீர் இதற்கு நன்றாகவே உதவும். வாயைத் திறக்க முடியாத அளவுக்குப் போனால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

வாய் முழுக்க ரத்தம் கசிகிறதா என்று பார்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விடியற்காலை ஏலம் முடிந்து கூடையோடு உட்கார்ந்து வியாபாரம் செய்யும் மீன்காரப் பெண்களில் பலருக்கு மதியம் வரை வாயில் வெற்றிலை இருக்கும். துப்பும் எச்சில் எப்படியும் சிவப்பாகவே இருப்பதால், அதில் ரத்தம் கலந்திருப்பது அவர்களுக்கே தெரிவதில்லை. சிவப்புப் பல்பொடியில் துலக்குபவர்களுக்கும் இதே நிலைதான். அப்படிப்பட்டவர்கள் ஒரு வாரம் வெள்ளைப் பேஸ்டால் துலக்கி, வெற்றிலை போடுவதற்கு முன் துப்பிப் பார்க்க வேண்டும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு மறைவு உண்டு: புகை ஈற்றுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதால், உள்ளே நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் கசிவது குறைவாகவே இருக்கும். ரத்தம் வரவில்லை என்பதை வைத்து அவர்கள் நிம்மதி அடையக்கூடாது.

துலக்கும் முறை

இதுவே மருந்தின் முக்கால் பங்கு என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிரஷ் மிக மென்மையானதாக இருக்க வேண்டும். உறையில் 'சாஃப்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பிரஷின் முடிகள் பாதி பல்லிலும் பாதி ஈற்றின் ஓரத்திலும் படும்படி, ஈற்றை நோக்கி 45 டிகிரி சாய்த்துப் பிடித்து, அழுத்தாமல் சிறு சிறு அசைவாக அதே இடத்தில் ஆட்டிவிட்டு, பிறகு பல்லின் நுனியை நோக்கித் தள்ளிவிட வேண்டும். இப்படி இரண்டு மூன்று பல்லாக நகர்ந்து, வெளிப்பக்கம், உள்பக்கம் இரண்டையும் முடிக்கக் குறைந்தது 2 நிமிடம் ஆகும். கீழ் முன்பற்களின் உள்பக்கத்தை மட்டும் யாரும் மறக்கக்கூடாது. எச்சில் சுரக்கும் துளைகள் அதன் அருகே இருப்பதால் காரை முதலில் பிடிப்பது அங்கேதான். காலையில் ஒரு முறை, இரவு படுக்கும் முன் ஒரு முறை என்று இரண்டு வேளையும் துலக்க வேண்டும். ஒரே வேளைதான் முடியும் என்றால் இரவை விடாதீர்கள். ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பேஸ்ட் போதும். முதல் மூன்று நான்கு நாள் ரத்தம் வரத்தான் செய்யும். முறையாகத் துலக்கினால் ஒரு வாரத்தில் குறையத் தொடங்கி, பத்து நாளில் பெரும்பாலும் நின்றுவிடும்.

ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். குச்சியால் துலக்குவதில் தவறில்லை. ஆனால் நுனியை நன்றாக மென்று நாராகப் பிரித்து, அந்த நாரால்தான் தேய்க்க வேண்டும். மெல்லாத கட்டைக் குச்சியைப் பல்லில் இழுத்தால் ஈறு கீழிறங்கி வேர் தெரிய ஆரம்பித்துவிடும். ஈறு ஏற்கெனவே புண்ணாக இருக்கும் நாட்களில் குச்சியைத் தள்ளிவைத்துவிட்டு மென்மையான பிரஷையே பயன்படுத்துவது நல்லது.

உப்புத் தண்ணீரும் மற்றவையும்

வீட்டு வைத்தியத்தில் ஒன்றே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் உப்புத் தண்ணீரைத்தான் சொல்வேன். காய்ச்சி வெதுவெதுப்பாக ஆறிய ஒரு டம்ளர் தண்ணீரில், அதாவது சுமார் 200 மில்லியில், அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, வாய் கொள்ளும் அளவு எடுத்து, வலிக்கும் பக்கமாக 30 விநாடி வைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். டம்ளர் காலியாகும்வரை இதைச் செய்யலாம். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று முறை, சாப்பிட்ட பிறகு செய்வது சிறந்தது. துலக்கிய உடனே கொப்பளித்தால் பேஸ்டில் உள்ள ஃபுளோரைடு போய்விடும் என்பதால் அந்த நேரத்தைத் தவிர்க்கலாம். லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ எதுவானாலும் காய்ச்சியே பயன்படுத்துங்கள். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உப்பு அதிகமாகப் போட்டால் அதிகப் பலன் கிடைக்காது, ஈறு எரியும், அவ்வளவுதான். கல் உப்பை விரலில் தொட்டு நேராக ஈற்றில் தேய்ப்பது பழைய வழக்கம் என்றாலும், அது ஈற்றின் தோலை உரித்துப் பல்லின் எனாமலையும் தேய்ப்பதால் விட்டுவிட வேண்டிய வழக்கம்.

மஞ்சளுக்கு அழற்சியைத் தணிக்கும் குணம் உண்டு என்பது பல சிறிய ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. கால் டீஸ்பூன் மஞ்சள்தூளைச் சில துளி நல்லெண்ணெயில் குழைத்து, சுத்தமான விரலால் ஈற்றின் ஓரத்தில் பூசி, பத்து நிமிடம் கழித்துக் கொப்பளிக்கலாம். தூள் எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் வேண்டும். சில்லறையில் கிடைக்கும் பளிச்சென்ற மஞ்சள்தூளில் சாயம் கலக்கப்படுவது உண்டு. விரலி மஞ்சள் வாங்கிக் காயவைத்து மாவு மில்லில் அரைத்ததையே வாய்க்குப் பயன்படுத்துங்கள். முகத்துக்குப் பூசும் கஸ்தூரி மஞ்சள் இதற்கானதல்ல.

கொய்யா இலையும் திரிபலாவும் துவர்ப்பினால் வேலை செய்பவை. கொழுந்தாக ஐந்தாறு கொய்யா இலையைக் கழுவி, இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, வடிகட்டி, ஆறியபின் கொப்பளிக்க வேண்டும். திரிபலா சூரணம் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தது. பாரிமுனையை ஒட்டிய ராசப்பா செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடைகளிலும், நம் பகுதியின் பெரும்பாலான மளிகைக் கடைகளிலும் கிடைக்கும். ஒரு டீஸ்பூன் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் கொதிக்கவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொப்பளிக்கலாம். திரிபலாக் கொப்பளிப்பு பல் படலத்தையும் ஈற்று அழற்சியையும் குறைத்ததாக இந்தியாவில் நடந்த சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காய்ச்சிய நீரை அன்றன்றைக்கே பயன்படுத்திக் கொட்டிவிட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் மறுநாள் வரை தாங்காது.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது வறண்ட வாய்க்கும் துர்நாற்றத்துக்கும் இதமானது. காலையில் வெறும் வயிற்றில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை வாயில் வைத்து ஐந்து முதல் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டி, வெளுத்து நீர்த்தபின் துப்பிவிட்டு, பிறகு வழக்கம்போல் துலக்க வேண்டும். வாஷ்பேசினில் துப்பினால் குழாய் அடைத்துக்கொள்ளும், குப்பைக் கூடையில் துப்புங்கள். விழுங்கக்கூடாது. சிறு குழந்தைகளும், பக்கவாதத்துக்குப் பின் விழுங்குவதில் சிரமம் உள்ள பெரியவர்களும் இதைச் செய்யவே கூடாது. எண்ணெய் மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் பாதிக்கப்படும்.

படிகாரம் ரத்தத்தை உடனே நிறுத்தும். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைத்து ஓரிரு நாள் கொப்பளிக்கலாம். அதற்குமேல் வேண்டாம், ரத்தம் நின்றதைப் பார்த்து நோய் போனதாக நினைக்கவும் வேண்டாம். கிராம்புத் தைலம் பல்வலிக்குச் சிறிது நேரம் மரப்பைத் தரும். ஆனால் ஈற்றில் நேராகப் பட்டால் சுட்டுப் புண்ணாக்கிவிடும் என்பதால் நல்லெண்ணெயில் கலந்து பஞ்சில் ஒற்றி மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

செய்யக்கூடாதவற்றில் மிக முக்கியமானது, வலி மாத்திரையை உடைத்து வலிக்கும் ஈற்றின் மேல் அடக்கிக்கொள்வது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் அந்த இடத்தை வெள்ளையாக வெந்துபோகச் செய்துவிடும். புகையிலையை அடக்கிக்கொள்வதும் அப்படித்தான். ஒரு நேரத்து வலிக்காகத் தொடங்கும் அந்தப் பழக்கம் ஆயுளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பல்பொடியிலும் பேஸ்டிலும் புகையிலை சேர்ப்பதை இந்திய அரசு 1992-லேயே தடை செய்துவிட்டது; குட்காவைத் தமிழ்நாடு அரசு 2013-இல் தடை செய்தது. அப்படியும் பாக்கோடு புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா நம் தெருக்களில் மறைவாகக் கைமாறிக்கொண்டிருப்பதும், பள்ளிப் பிள்ளைகள் கைவரை அது வருவதும் உண்மையிலேயே வேதனை தருவது. மாவா போடும் ஒருவருக்கு எந்தக் கொப்பளிப்பும் பயன் தராது; முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான். கரி, செங்கல் தூள், சாம்பல் ஆகியவற்றையும் எலுமிச்சைச் சாற்றையும் பல்லில் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். கன்னம் வீங்கியிருந்தால் சூடான ஒத்தடம் கொடுக்கக்கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வெளிப்புறமாகப் பத்து நிமிடம் வைக்கலாம்.

சாப்பாட்டில் வைட்டமின் சி குறைந்தாலும் ஈறு கசியும். 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்குமேல் அந்தச் சத்து இருப்பதால், தள்ளுவண்டியில் வாங்கும் ஒரு பழமே ஒரு நாள் தேவைக்கு மிஞ்சும். பெருநெல்லியும் அப்படியே. தினமும் வெளியில் சாப்பிட்டு, பழமே தொடாதவர்கள் இதை முயன்று பார்க்கலாம். ஆனால் காரை பிடித்த வாய்க்கு நெல்லிக்காய் மட்டும் மருந்தாகாது.

வீட்டு வைத்தியத்தோடு நிற்கக்கூடாதவர்கள்

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைவாக முற்றும். முற்றிய ஈறு நோய் சர்க்கரையையும் கட்டுக்குள் வராமல் செய்யும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் ஊழியரிடம் ஈற்றில் ரத்தம் வருவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் ஆம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் ஆகியவை சிலருக்கு ஈற்றைத் தடிக்கச் செய்யும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் எளிதில் நிற்காது. இந்த மாத்திரைகளை நீங்களாக நிறுத்தக்கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் பலருக்கு ஈறு வீங்கும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனைக்கு மாதாந்திரப் பரிசோதனைக்குப் போகும் பெண்கள் அங்கேயே இதைச் சொல்ல வேண்டும். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை பல் மருத்துவரிடம் பல் சுத்தம், அதாவது காரையை எடுத்தல், செய்துகொள்ள ஏற்ற காலம். வீட்டில் உப்புத் தண்ணீரும் மென்மையான துலக்கலும் போதும். கிராம்புத் தைலம் வேண்டாம்.

இதை எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், தண்ணீர் தேங்கும் நம் தெருக்களில் டெங்கு பரவும் நாட்களில், காய்ச்சலோடோ காய்ச்சல் விட்ட ஓரிரு நாளிலோ ஈற்றில் ரத்தம் கசிந்தால், அது பல் சம்பந்தப்பட்டதல்ல. வயிற்று வலி, ஓயாத வாந்தி, தோலில் சிவப்புப் புள்ளி ஆகியவை கூட இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றே ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போய் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதுவரை ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும்தான்.

மற்றவர்கள் முறையாகத் துலக்கி, உப்புத் தண்ணீர் கொப்பளித்து, இரண்டு வாரம் பார்க்கலாம். அதற்குப் பிறகும் ரத்தம் வந்தாலும், அதற்கு முன்பே சீழ் தெரிந்தாலும், பல் ஆடினாலும், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு இரண்டு வாரத்துக்குமேல் ஆறாமல் இருந்தாலும் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினாலும், எச்சில் விழுங்க முடியாமல் போனாலும், பஞ்சை வைத்து 20 நிமிடம் அழுத்தியும் ரத்தம் நிற்காவிட்டாலும் இரவு பகல் பார்க்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

பல் சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற பயம்தான் பலரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுக்கிறது. காரை இருந்த இடம் காலியாவதால் நாக்குக்கு இடைவெளி தட்டுப்படுகிறது. வீங்கிய ஈறு வற்றுவதால் பல் நீண்டதுபோல் தெரிகிறது. எலும்பு கரைந்து ஏற்கெனவே ஆடிய பல்லைக் காரை பிடித்து நிறுத்தியிருந்தால், அது எடுக்கப்பட்டபின் ஆட்டம் வெளிப்படும். சுத்தம் செய்ததால் நல்ல பல் ஆடுவதில்லை. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், ஸ்டான்லியின் பல் பிரிவிலும் இதைச் செய்கிறார்கள். விம்கோ நகர் பக்கத்திலிருந்து மெட்ரோவில் வருபவர்கள் சென்ட்ரலில் இறங்கினால் பல் மருத்துவமனை அதிக தூரமில்லை. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும், சர்க்கரை இருந்தால் கடைசிப் பரிசோதனைத் தாளையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். சுத்தம் செய்த அன்று காரத்தையும் அதிகச் சூட்டையும் தவிர்த்து, மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும். சில நாட்கள் பல் கூசும், அது தானாகவே குறையும். அன்று இரவே மென்மையான பிரஷால் துலக்கத் தொடங்கிவிடலாம்.